அட்டைப் பெட்டியும் வகுப்பு ஒழுங்கும்: ஈராசிரியர் பள்ளியில் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது

ஒரு தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பதற்கு 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பிள்ளைகள் 60 பேர் வரை என்றால் இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. அதனால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஈராசிரியர் பள்ளி என்பது எங்கும் காணக்கூடிய ஒன்று. ஒருவர் 1, 2, 3 வகுப்புகளை ஓர் அறையில் சேர்த்து உட்காரவைத்துக்கொள்வார். 4, 5 வகுப்புகள் இன்னொருவருக்கு. இருவரில் ஒருவர் தலைமையாசிரியர் என்பதால் பதிவேடு, சத்துணவுக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். அவர் வெளியே போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒரே ஆள் கையில்.

முதல் மூன்று வகுப்பு இருக்கும் அறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 20 பிள்ளைகள், ஒரு மணி நேரம் தமிழ். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அந்த மூன்று நிமிடமும் ஆசிரியர் ஒரு பிள்ளையோடு இருக்க, மற்ற 19 பேர் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

ஆசிரியர் பயிற்சியில் கற்பித்தல் துணைக்கருவிகள் என்று ஒரு பாடம் உண்டு, வகுப்பறை மேலாண்மை என்று இன்னொரு பாடம் உண்டு. முதலாவதற்குச் சார்ட்டும் தெர்மாகோலும் வெட்டி மதிப்பெண் வாங்குகிறோம். இரண்டாவதற்கு உளவியல் கோட்பாடுகளை எழுதுகிறோம். ஈராசிரியர் பள்ளியில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே ஒரு துணைக்கருவி நல்லதா இல்லையா என்பதை அதன் அழகை வைத்தோ, செலவை வைத்தோ சொல்ல முடியாது. ‘டீச்சர், அடுத்தது என்ன?’ என்று கேட்காமல் பிள்ளை அதை எடுத்து, புரிந்துகொண்டு, செய்து முடித்து, சரியா தப்பா என்று தானே பார்த்து, திரும்ப இடத்தில் வைக்க முடிகிறதா? முடிந்தால் அது நல்ல கருவி. இன்னும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஆசிரியர் பாயில் உட்கார்ந்திருக்க அது நேரம் வாங்கித் தருகிறது.

அந்த நேரத்தில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, தமிழ் வாசிப்பு எங்கெங்கே முட்டுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக 247 எழுத்தைச் சொல்லி மலைக்கவைப்பார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216. ஆனால் பிள்ளை 247 தனி உருவங்களை மனப்பாடம் செய்வதில்லை, செய்யவும் தேவையில்லை. அகர வரிசையின் 18 உருவமும் குறிகள் சிலவும் கைவந்துவிட்டால் பெரும்பகுதி தானாக வரும். கால் போட்டால் நெடில், மேல் விலங்கு போட்டால் இகரம், அதில் சுழி வந்தால் ஈகாரம். இதுவரை சிக்கல் அதிகம் இல்லை.

சிக்கல் உகர வரிசையில் தொடங்குகிறது. டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொரு குடும்பம், கோடு நேரே கீழே இறங்கும். து, நு, ணு, லு, று, னு மூன்றாவது. இவற்றில் நெடிலுக்குப் போனால் உருவம் இன்னொரு விதமாக மாறும். கூ எதோடும் சேராமல் தனியாக நிற்கும். விதி ஒன்றைச் சொல்லிக் கடந்துபோக முடியாத இடம் இது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் மாறி, வரிசைகள் சீராயின. உகர, ஊகார வரிசையை அப்போது யாரும் தொடவில்லை. ஆகவே இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை ‘பூ’ சரியாக வாசித்து ‘தூ’வில் நின்றால், அது கவனக்குறைவு ஆகாது. எழுத்தே அப்படித்தான் இருக்கிறது. குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று அட்டை போட்டால் இது தீரும். ஒரே நாளில் கு முதல் னு வரை பலகையில் எழுதி ஒப்பிக்கவைத்தால் தீராது.

இரண்டாவது முட்டுக்கட்டை கொம்பு. ‘கெ’ என்று ஒலிக்கும்போது க் முன்னால், எ பின்னால். எழுதும்போது கொம்பு முன்னால், க பின்னால். ‘கொ’ வந்தால் இரண்டு பக்கமும் காவல். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசித்துப் பழகிய பிள்ளை, கொம்பைப் பார்த்ததும் அடுத்த எழுத்தையும் அதற்கும் அடுத்ததையும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும் என்று கற்க வேண்டியிருக்கிறது. ‘கௌ’ வரும்போது பின்னால் நிற்பது குறியா, ளகரமா என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும். இதற்கு நான் பார்த்ததில் மிக நன்றாக வேலை செய்யும் பொருள், ஒரு ஜன்னல் அட்டை. கெட்டியான அட்டையில் ஓர் எழுத்து அளவுக்கு ஜன்னல் வெட்டி, அதன் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் எழுதிவிட வேண்டும். க, ச, ட, த, ப, ம என்று வரிசையாக எழுதிய நீளத்தாளை ஜன்னலுக்குப் பின்னால் இழுத்தால் கொ, சொ, டொ, தொ என்று வந்துகொண்டே இருக்கும். காலை ஒரு துண்டுத் தாளால் மறைத்தால் அதே அட்டை எகர வரிசை. இரண்டு பிள்ளைகள் மாறி மாறி இழுத்து வாசிப்பார்கள். பழைய காலண்டர் அட்டை ஒன்று போதும்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. மெய்யெழுத்துக்கு நாம் பெயர் வைத்துச் சொல்கிறோம்: இக், இங், இச். ‘பக்கம்’ என்ற சொல்லைப் பிள்ளை ‘ப – இக் – க – இம்’ என்று வாசிக்கும். நான்கு எழுத்தும் சரி. ஆனால் அந்த நான்கையும் சேர்த்தால் பக்கம் வராது, ‘பஇக்கஇம்’ என்றுதான் வரும். ஒவ்வொரு எழுத்தையும் அறிந்த பிள்ளை சொல்லை வாசிக்க முடியாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் மெய்யைத் தனியாக நிறுத்திச் சொல்லவைக்காமல் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டியே காட்டுவது நல்லது: பக், கம். அட்டையை வெட்டும்போதே ‘பக்’ ஒரு துண்டு, ‘கம்’ ஒரு துண்டு என்று வெட்டுங்கள். பக் + கம், பட் + டம், கப் + பல், பச் + சை. ஒலித்துண்டுகளாக வெட்டிய அட்டையில் பிள்ளைகள் சேர்ந்து விளையாடிய ஒரு வாரத்தில் வாசிப்பு நகரத் தொடங்குவதைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்பதில் தமிழ்நாட்டில் நல்ல மரபு ஒன்று இருக்கிறது. அ, ஆ என்று தொடங்காமல் ட, ப, ம போன்ற எளிய கோட்டு எழுத்துகளில் தொடங்குவது. கைக்கும் எளிது, உடனே சொல்லும் கிடைக்கிறது: படம், மடம், பட்டம். மூன்று எழுத்து படித்த பிள்ளை முதல் வாரத்திலேயே ஒரு சொல்லை வாசித்துவிடும். ‘அ’ எழுத அந்தச் சின்னக் கை படும் பாடு அப்புறம் வரட்டும்.

இனி இந்த வேலைகளை ஒரே அறையில் மூன்று நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது? இந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே இருநூறு ஆண்டுக்கு முன் ஒருவர் விடை தேடியிருக்கிறார். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789இல் எழும்பூரில் தொடங்கிய ராணுவ ஆண் அநாதைகள் விடுதியின் பொறுப்பில் இருந்தார். அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் புதிய முறை எதற்கும் இணங்கவில்லை. ஒரு நாள் உள்ளூர்ப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் போடுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர் மறுத்தபோது, ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடமே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார். அது பலித்தது. பெல் 1796இல் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். பிரிட்டன் முழுவதும் அந்த முறை ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

பெல் கண்ட மணலும், பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் நம் திண்ணைப் பள்ளிகளில் ஏற்கெனவே இருந்தவை. அங்கே சட்டாம்பிள்ளை என்று மூத்த மாணவன் ஒருவன் இருப்பான். ஆனால் சட்டாம்பிள்ளை முறையில் ஒரு பெரிய குறை: அதிகாரம் ஒரே பையனிடம் தங்கிவிடும், அவன் கையில் பிரம்பும் வந்துவிடும். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதால் வரும் தெளிவும் அவன் ஒருவனுக்கே கிடைக்கும்.

இந்தக் குறையைத் தாண்டிய ஏற்பாடு ஒன்று நம் பக்கத்து மாநிலத்தில் உருவானது. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலிப் பள்ளி இருக்கிறது, ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கியது. அதன் கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவும் ரமாவும் சேர்ந்து, சுற்றியுள்ள ஓராசிரியர்ப் பள்ளிகளுக்காகப் பாடப்புத்தகத்தையே அட்டைகளாகப் பிரித்து, ‘பெட்டிக்குள் பள்ளி’ என்ற ஒன்றை உண்டாக்கினார்கள். அதைப் பார்த்துக் கற்றுவந்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் தொடங்கியதுதான் செயல்வழிக் கற்றல். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதற்கு முன்னின்றார். பிறகு அவர் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் மாநிலப் பொறுப்புக்கு வந்தபோது, 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது போனது.

அந்த அறை எப்படி இயங்கியது என்பதை இன்றைய இளம் ஆசிரியர்கள் தெரிந்துகொள்வது நல்லது. சுவரில் ஓர் ஏணிப்படம். படிக்குப் படி ஒரு சின்னம், முயலோ பறவையோ பழமோ. பிள்ளை ஏணியில் தன் படி எது என்று பார்க்கும். அதே சின்னம் ஒட்டிய தட்டை ரேக்கில் தேடி, அட்டையை எடுக்கும். எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று அட்டையின் சின்னமே சொல்லிவிடும். குழுக்கள் ஆறு: ஆசிரியர் முழுமையாக உதவுவது, ஆசிரியர் ஓரளவு உதவுவது, சக மாணவர் முழுமையாக உதவுவது, சக மாணவர் ஓரளவு உதவுவது, தானே கற்பது, மதிப்பீடு. இன்று உதவி வாங்கும் குழுவில் இருப்பவள் அடுத்த வாரம் உதவி செய்யும் இடத்தில் இருப்பாள். சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். வாசலருகே சுயவருகைப் பதிவேடு, காலநிலை அட்டவணை, ஆரோக்கியச் சக்கரம். ஐந்து வயதுப் பிள்ளை ஆசிரியரிடம் எதுவும் கேட்காமல் தன் வேலையைத் தொடங்க முடிந்தது என்பது சாதாரண விஷயம் இல்லை. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்ததும் அங்கேதான்.

ஆனாலும் அது தளர்ந்தது. அட்டைகள் கிழிந்தன, காணாமல் போயின. ஒரு படியின் அட்டை இல்லையென்றால் அந்தப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். யார் எந்தப் படி என்று ஆசிரியர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இவற்றைவிடப் பெரிய குறை என்று நான் நினைப்பது வேறு. மொழிப் பாடம் சின்னச் சின்னப் படிகளாக நறுக்கப்பட்டதில், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முழுக் கதையைக் கேட்பது, பேசுவது, சண்டை போட்டு விவாதிப்பது குறைந்துபோனது. ஒரு பிள்ளை பத்து அட்டை முடித்திருக்கும், ஒரு பக்கக் கதையை வாசித்திருக்காது. கணக்குக்கு ஏணி பொருந்தும் அளவுக்கு மொழிக்குப் பொருந்தாது. மொழி முதலில் காதுக்கு மொத்தமாக வந்து, அப்புறம்தான் துண்டாகப் பிரிய வேண்டும்.

பிறகு கொரோனா. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2022 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளை, முதல் வகுப்பு அறையில் ஒரு நாள்கூட உட்காராத பிள்ளை. அந்த மாதத்தில்தான் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வகுப்பு வரை, அடுத்த ஆண்டு 4, 5க்கும். இங்கே ஏணி கிடையாது, மூன்று நிலைகள்தான்: அரும்பு, மொட்டு, மலர். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், இப்போது எந்த நிலையில் வாசிக்கிறது என்று பார்த்துக் குழு சேர்ப்பார்கள். பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் எல்லா நிலைக்கும் பொது. நூற்றுக்கணக்கான அட்டைகளை மேய்ப்பதைவிட மூன்று குழுவை நடத்துவது ஓர் ஆசிரியரால் நடக்கக்கூடிய காரியம். இந்த மாற்றம் சரியான திசை என்றே நினைக்கிறேன். ஆனால் செயல்வழிக் கற்றலில் இருந்த ஒன்று இதில் மெலிந்துவிட்டது: பிள்ளை தானே எடுத்துத் தானே செய்யும் பழக்கம். மூன்று குழுவுக்கும் ஆசிரியரே வழிகாட்ட வேண்டியிருந்தால், இரண்டு குழு எப்போதும் காத்திருக்கும். காத்திருக்கும் பிள்ளை கிள்ளும், ஓடும், பக்கத்துப் பையனின் பென்சிலை எடுக்கும்.

ஆகவே ஒரு மணி நேரத்தை இப்படி அடுக்கிப் பார்க்கலாம். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் மூன்று நிலையும் ஒன்றாக வட்டத்தில். ஒரு கதை அல்லது பாட்டு. கதை எல்லாருக்கும் ஒன்றே, கேள்வி மட்டும் ஆளுக்கேற்ப. அப்புறம் அரும்புப் பிள்ளைகளோடு ஆசிரியர் உட்கார்ந்துவிட வேண்டும். மொட்டுப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஒலித்துண்டு அட்டைகளில் சொல் சேர்க்கட்டும். மலர்ப் பிள்ளைகளுக்குச் ‘செய்து காட்டு’ அட்டை. அதில் ஒரு வாக்கியம் மட்டும் இருக்கும்: ‘கதவைத் தொட்டுவிட்டு வா.’ ‘மூன்று முறை குதி.’ ‘உன் தோழியின் சடையில் எத்தனை ரிப்பன் என்று எண்ணி எழுது.’ ஒருவர் மனதுக்குள் வாசித்துச் செய்ய வேண்டும், இணை அட்டையை வாங்கிப் பார்த்துச் சரியா என்று சொல்ல வேண்டும். மூலையில் இருந்தபடியே ஆசிரியர் தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும், புரிந்து வாசிக்கிறார்களா என்று தெரிந்துவிடும். சத்தமாக வாசிக்கவைத்தால் எழுத்து தெரிகிறதா என்றுதான் தெரியும், பொருள் தெரிகிறதா என்று தெரியாது. இருபது நிமிடம் கழித்துக் குழு மாற்றிக்கொள்ளலாம். கடைசிப் பத்து நிமிடம் மறுபடி எல்லாரும் ஒன்றாக, கம்பிப் பந்தலில் அன்று தொங்கவிட்டதை வாசிப்பது.

இது ஓட வேண்டுமானால் சில விஷயங்களில் ஆசிரியர் விட்டுக்கொடுக்கக் கூடாது. தனியாகச் செய்யச் சொல்லும் வேலை பிள்ளைகளுக்கு முன்பே பழகிய வேலையாக இருக்க வேண்டும். புது விளையாட்டைத் தனிக்குழுவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனால் இரண்டு நிமிடத்தில் ஐந்து பேர் வந்து நிற்பார்கள். புதியதை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் சொல்லிக்கொடுத்து, அது நன்கு பழகிய பிறகே தனிக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். பொருள் எடுப்பது, வைப்பது, பாயை விரிப்பது, சுருட்டுவது இவற்றை ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரம் ஒரு பாடமாகவே நடத்தலாம். ‘பாடம் ஆரம்பிக்கவே இல்லையா?’ என்று கேட்பவர்களுக்குப் பதில், இதுதான் பாடம். ஜூனில் செலவழித்த அந்த நாள்கள் மார்ச் வரை வட்டியோடு திரும்பி வருகின்றன. சந்தேகம் வந்தால் முதலில் இணையிடம், அப்புறம் குழுத் தலைவரிடம், அதற்கும் அப்புறம்தான் ஆசிரியரிடம் என்ற வரிசையும் அப்போதே பழக வேண்டும். குழுத் தலைவர் வாராவாரம் மாற வேண்டும், மிகவும் கூச்சப்படும் பிள்ளைக்கும் முறை வர வேண்டும். முடித்தவர் என்ன செய்வது என்பதற்கு ஒரே பதில் நிரந்தரமாக இருக்கட்டும்: புத்தகம் எடுத்து உட்கார்.

வாசிப்பு வகுப்பில் சத்தம் இருக்கத்தான் செய்யும். பக்கத்து அறையின் ஆசிரியருக்கோ, பார்வைக்கு வரும் அலுவலருக்கோ அது கட்டுப்பாடு இல்லாத வகுப்பாகத் தோன்றலாம். ஒரு நிமிடம் கூர்ந்து கேட்டால் தெரியும், பேச்சு அட்டையைப் பற்றியதா, வேறெதையாவது பற்றியதா என்று. எல்லாரும் நிமிர வேண்டிய நேரத்துக்கு ஒரு கைத்தட்டுத் தாளம் போதும். ஆசிரியர் தட்ட, பிள்ளைகள் அதே தாளத்தைத் திருப்பித் தட்ட, கைகள் வேலையை விட்டுவிடும். மேஜையைக் குச்சியால் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். குச்சி என்றதும் சொல்ல வேண்டியது: உடல் தண்டனையும் மனதைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. அடி குறைந்திருக்கிறது. ஆனால் ‘இதை நூறு தடவை எழுதிட்டு வா’ என்பது இன்னும் போகவில்லை. எழுதுவதையே தண்டனையாகக் கொடுத்த கையால், மறுநாள் ‘ஆசையாக ஒரு கதை எழுது’ என்று எப்படிக் கேட்பது? மொழி ஆசிரியர் எந்தத் தண்டனையைத் தவிர்க்காவிட்டாலும் இதைத் தவிர்க்க வேண்டும்.

பெயர் அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பெரிதாக எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைப்பது. காலையில் வந்ததும் தன் பெயரைத் தேடி எடுத்து ஆணியில் மாட்ட வேண்டும். பெட்டியில் மிஞ்சிய பெயர்கள் வராதவர்களுடையவை. அவற்றை அன்றைய தலைவர் வாசிப்பார். வருகைப் பதிவும் முடிந்தது, வாசிப்பும் நடந்தது, ஆசிரியரின் பத்து நிமிடமும் மிச்சம். ஒரு மாதத்தில் எல்லாருக்கும் எல்லார் பெயரும் கண்பழக்கமாகிவிடும். அந்தப் பெயர்களில் உள்ள எழுத்துகளை வைத்தே அடுத்த பாடம் போடலாம். கவின், கனிமொழி, கார்த்திக் மூவருக்கும் பொதுவான எழுத்து எது, எங்கே மாறுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் இடைவெளியில் பல வகுப்புகள் வாயடைத்துப் போகின்றன. பிள்ளை ‘எங்க ஆயா சந்தைக்குப் போச்சு’ என்று சொல்லத் தொடங்கும்போதே ‘போனார்கள்னு சொல்லு’ என்று திருத்தினால், அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை பேசாது. அவள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதுங்கள். தன் வாயிலிருந்து வந்தது எழுத்தாக நிற்பதைப் பார்க்கும் சந்தோஷம் பெரியது. தான் சொன்னது என்பதால் அதை வாசிப்பதும் எளிது. மறுநாள் அதன் பக்கத்தில் ‘எங்கள் ஆயா சந்தைக்குப் போனார்’ என்று எழுதி, புத்தகத்தில் எப்படி இருக்கும் என்று காட்டலாம். இரண்டும் தமிழ்தான், எங்கே எது என்பதுதான் பாடம். ழகரம் நாக்குக்கு வர, இலக்கணம் சொல்வதைவிட ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சறுக்கி வழுவழுத்து விழுந்தான்’ என்று வேகவேகமாகச் சொல்லவைப்பது பலன் தரும். பாட்டிமார் தந்த கருவி அது.

வீட்டில் தமிழே இல்லாத பிள்ளைகளும் இப்போது இந்த அறைகளில் இருக்கிறார்கள். செங்கல் சூளைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள், வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் பிள்ளைகள், கன்னடமோ தெலுங்கோ பேசும் எல்லையோரப் பிள்ளைகள். இவர்களை அரும்பு நிலையில் போட்டு எழுத்துப் பழக்கினால் எழுத்து வரும், பொருள் வராது. ‘படம்’ என்று வாசித்தாலும் படம் என்றால் என்ன என்று தெரியாது. இவர்களுக்கு முதல் சில மாதம் வேண்டியது அட்டை இல்லை, பேசும் தோழன். செய்கையோடு வரும் பாட்டு, ‘கொடு, வாங்கு, உட்கார், எழுந்திரு’ என்று உடம்பால் கற்கும் விளையாட்டு, மதிய உணவின்போது சோறு, சாம்பார், முட்டை என்று பெயர் சொல்லிப் பரிமாறுவது. அவர்கள் மொழியில் ஒரு பாட்டை வகுப்புக்கே சொல்லித்தரச் சொன்னால் அந்தப் பிள்ளையின் முகமே வேறாகிவிடும்.

எழுத்து வந்த பிறகு வாசிக்கப் புத்தகம் வேண்டும். இதில் சமீபத்தில் நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2023இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. சில தாள்களே கொண்ட புத்தகம் என்பதால் ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், ‘ஒரு புத்தகம் முடிச்சிட்டேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். பல பள்ளிகளில் இவை இன்னும் பீரோவுக்குள் இருக்கின்றன. கிழிந்தால் தணிக்கையில் கேட்பார்களே என்ற பயம் தலைமையாசிரியருக்கு. கிழிந்த புத்தகத்துக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் வழக்கத்தைத் துறை வெளிப்படையாகக் கைவிட வேண்டும். ஒரு கயிற்றைச் சுவரில் கட்டி, புத்தகங்களை நடுவில் விரித்துத் தொங்கப்போட்டால் அட்டைப்படம் தெரியும், பிள்ளையின் கை தானாகப் போகும்.

கடைசியாக, பதிவேடு. ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது அவசியம். அதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம், வாரம் ஒரு வரி: ‘கொம்பில் தடுமாற்றம்’, ‘ண, ன குழப்பம்’, ‘வாசிக்கிறாள், கேட்டால் பதில் இல்லை’. அடுத்த வாரம் யார் பக்கத்தில் எந்த அட்டையோடு உட்கார வேண்டும் என்று அந்த வரி சொல்லும். இப்போது அதே தகவல் வேறு வடிவத்தில் செயலியில் ஏற்றப்பட வேண்டும் என்பதால், நெட்வொர்க் கிடைக்காத ஊர்களில் பாட நேரத்தில் ஆசிரியர் செல்பேசியோடு வாசலில் நிற்கிறார். அவர் வாசலில் நிற்கும் அந்த நேரம், பிள்ளை பக்கத்தில் உட்கார அட்டைகள் பாடுபட்டு வாங்கித் தந்த நேரம். செயலிப் பதிவை மாதம் ஒரு நாளுக்குச் சுருக்கி, அதைச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் வேறொருவர் செய்வதாக மாற்றலாம். கூடவே, அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒரு நாளைத் தட்டுகளைச் சரிபார்த்துக் கிழிந்த அட்டைகளைப் புதிதாக எழுத ஒதுக்கி, அட்டைக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் டேப்புக்கும் ஆகும் சிறு தொகையைப் பள்ளி மானியத்தில் தனி வரியாகச் சேர்த்துவிட்டால், ஜூனில் தொடங்கிய ஒழுங்கு ஜனவரியிலும் ஓடும்.